மூன்றாவது குடம்

உங்களை வெயிலில் உட்கார வைத்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனோடு ஒரே கூரையின் கீழ் இருந்தால் அவன் தீட்டு மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பது நம் வழக்கம். அதனால்தான் நல்ல மண்டபம் ஒன்று சும்மா கிடக்க, நீங்கள் ஐம்பது பேரும் இப்படி மொட்டை வெயிலில் இருக்கிறீர்கள். வலது ஓரத்தில் இருக்கும் பெரியவர் அந்த அத்திமரத்தடிக்கு நகர்ந்துகொள்ளலாம். மரநிழல் கூரையில் சேராது. கோவில் சட்டம் எனக்குத் தெரியும். இருபத்து மூன்று வருஷம் அதற்குள்ளேயே இருந்தவன்.

இது மூன்றாவது மாதம், மூன்றாவது விசாரணை. முதல் இரண்டிலும் நான் வாய் திறக்கவில்லை. பிடிவாதம் என்று சிலர் எழுதிக்கொண்டதாகக் கேள்வி. அப்படி இல்லை. எல்லாவற்றையும் வரிசையாக நினைத்துப் பார்க்கக் கொஞ்சம் அவகாசம் தேவைப்பட்டது. இன்று முழுவதும் சொல்லிவிடுகிறேன். எழுதுகிறவர் அவசரப்பட வேண்டாம். நான் வேகமாகப் பேசுகிறவன் இல்லை.

என் பெயர் கிளேனாக்ஸ். அப்பொல்லோ கோவிலில் குடம் பிடிப்பவன். என் தகப்பனார், அவர் தகப்பனார், அவருக்கும் மேலே ஒரு தலைமுறை, எல்லோரும் அதே வேலை. பலி மாட்டைப் பீடத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நான் கோவில் ஊற்றுத் தண்ணீரை அதன் தலையில் ஊற்றுவேன். மாடு தலையை அசைக்கும். நான் கூட்டத்தைப் பார்த்து, "இசைந்தது" என்று சொல்வேன். அதற்குப் பிறகுதான் கத்தி. சம்மதிக்காத மாட்டை வெட்டினால் அது கொலை. சம்மதித்த மாட்டை வெட்டினால் அது பலி. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு குடம் தண்ணீர்தான். நான் அதைப் பொறுப்போடு செய்து வந்தேன்.

மெலாந்தோஸை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். நானும் அவனும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். துறைமுகப் பாறையிலிருந்து கடலில் குதிக்கக் கற்றுக்கொண்டது ஒரே நாளில். பிறகு அவன் மைலீட்டஸ் நகரத்துக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு, ஒரு குச்சியோடு திரும்பி வந்தான். அந்தக் குச்சியைச் சந்தையில் நட்டு அதன் நிழலை அளப்பான். சூரியன் ஒரு நெருப்புக் கல் என்பான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊர் அவனை "வாத்தியார்" என்று கூப்பிட்டது. பாதி மரியாதை, பாதி கேலி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மீன் சந்தையில் நடந்த ஒரு பேச்சிலிருந்து தொடங்குவதுதான் சரி. மீன் விற்கும் சீமோதான் ஆரம்பித்தாள்.

"என்ன குடக்காரரே, நேத்து உங்க மாடு ரொம்ப நேரம் யோசிச்சுதே. பேரம் படியலையா?"

பக்கத்தில் நிழலை அளந்துகொண்டிருந்த மெலாந்தோஸ் நிமிராமலே சொன்னான்: "அது எங்க யோசிச்சுது சீமோ? நம்ம ஆளு குடத்த வெயில்ல வச்சிட்டான். தண்ணி வெதுவெதுன்னு சொகமா இருந்திருக்கும். சில்லுன்னு காதுல எறங்குனாத்தான மாடு தலைய ஆட்டும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "அது கடவுள் ஆட்டுறதுடா" என்றேன்.

"அப்ப மனுஷன் தலையையும் அவருதான் ஆட்டுறாரா?"

"ஆமா. எல்லாம் நூத்து வச்சாச்சு. விதிப் பொம்பளைங்க மூணு பேரு மேல உக்காந்து நூல் நூக்குறாங்க, அளக்குறாங்க, அறுக்குறாங்க. என் இஷ்டம் என் இஷ்டம்னு நீதான் குதிக்கிற."

"என் தலைய நானே ஆட்டுவேன். வேணாம்னா ஆட்டாமலும் இருப்பேன். மாட்டுக்கும் எனக்கும் அதாண்டா வித்தியாசம்."

"அது ஒண்ணுதான் வித்தியாசம் வாத்தியாரே" என்றாள் சீமோ. அன்று அவன்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான். எனக்கு அவன்மேல் கோபம் ஏதும் இல்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

சென்ற குளிர்காலத்தில் நிலம் நடுங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். ஒன்றிரண்டு சுவர் விழுந்ததோடு போயிற்று என்று இருந்தோம். பத்து நாள் கழித்து மெலாந்தோஸ் கோவிலுக்கு வந்து ஊற்றில் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தான். உடனே துப்பினான். கோவிலுக்குள் துப்பியது தவறு. அதை அப்போதே சொன்னேன்.

"கசக்குதுடா" என்றான். "மேல தோல் பதனிடுற குழிங்க விரிஞ்சு கெடக்கு. அந்தக் கழிவு மண்ணுக்குள்ள எறங்கி இங்க வருது. கொஞ்ச நாளைக்கு வடக்கு ஊத்துல மொண்டு குடிங்க. கோவிலுக்கு வர்ற சனத்துக்கிட்டயும் சொல்லு."

"கடவுளோட ஊத்துடா இது. நாலு தலைமுறையா நாங்க இதத்தான் குடிக்கிறோம்."

"உன் தாத்தா குடிச்சப்போ குழி விரியலையே."

வசந்தத்தில் காய்ச்சல் தொடங்கியது. வயிற்றுப்போக்கு, வாந்தி, மூன்றாம் நாள் கண் உள்ளே போய்விடும். மெலாந்தோஸ் வீடு வீடாக ஏறி இறங்கினான். செத்த வீட்டிலும் போய், "எந்த ஊத்துத் தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்டான். இரண்டு வீட்டில் அடிக்க வந்தார்கள். ஆனாலும் கேட்டான். துருவிக் கேட்கிற குணம் அவனுக்கு. நல்ல குணம்தான்.

என் மனைவி நிகாந்த்ரே படுத்தாள். அவள் படுத்த மறுநாள் என் மகள் மெலிட்டா படுத்தாள். அவளுக்கு ஏழு வயது. அன்று காலையில் மெலாந்தோஸ் வடக்கு ஊற்றிலிருந்து இரண்டு குடம் தண்ணீரைத் தானே காவடி கட்டித் தூக்கிக்கொண்டு வந்தான். அரை நாழிகை ஏற்றம், அரை நாழிகை இறக்கம். அவன் தோளில் தோல் உரிந்திருந்தது. குடங்களை வாசலில் வைத்து, "இத மட்டும் குடு. ரெண்டு பேருக்கும். கொஞ்சம் கொஞ்சமா, விடாம குடு" என்றான். நான் நன்றி சொன்னேன். என் மனைவி உள் அறையில் கிடந்தாள். குடம் வைக்கிற சத்தமும் அவன் குரலும் அவளுக்குக் கேட்டன.

நிகாந்த்ரே பிழைத்தாள். மெலிட்டா நான்காம் நாள் மதியம் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள் சடங்குக்கு மெலாந்தோஸ் வந்தான். பார்லி அப்பமும் தேனும் கொண்டுவந்தான். அதை வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்து, ரொம்ப மெதுவாகக் கேட்டான்.

"நான் கொண்டாந்த தண்ணிய குடுத்தியா?"

"குடுத்தேன்" என்றேன்.

"அப்ப எனக்குப் புரியல. வடக்கு ஊத்துத் தண்ணி குடிச்ச வீட்ல இதுவரைக்கும் ஒருத்தரும் போகல."

"விதிடா. அவ நூலு அவ்வளவுதான்."

"விதின்னு சொல்லிட்டா கேள்வி நின்னு போயிடும் கிளேனாக்ஸ். நான் இன்னும் கேட்டு முடிக்கல."

மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். குடத்தை எங்கே வைத்தாய், யார் மொண்டு கொடுத்தது, எத்தனை தடவை கொடுத்தாய், குவளை கோவில் குவளையா வீட்டுக் குவளையா. என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவன் கணக்கில் ஒரு வீடு இடித்தது, அவ்வளவுதான். நிகாந்த்ரே மடியில் கம்பளி நூலோடு சுவர் ஓரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கை நின்றிருந்தது. அவள் அப்போது தூங்குவதில்லை. கண் திறந்தபடியே கிடப்பாள். மூன்றாம் நாள் அவன் போன பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"விதி இல்லன்னா, என் பிள்ள இருந்திருக்குமா?"

"விதி இருக்கு" என்றேன்.

இந்த நேரத்தில்தான் முதல் கதிர்த் திருநாள் வந்தது. வருஷா வருஷம் அன்று ஊரின் தீட்டையெல்லாம் ஓர் ஆளின் தலையில் ஏற்றி வெளியே அனுப்புகிறோம். அந்த ஆளைக் கழிப்பாள் என்கிறோம். பொதுவாக அது கதியில்லாத ஒருவன். அவனுக்கு ஒரு வருஷம் ஊர்ச் செலவில் அத்திப்பழமும் பாலாடைக்கட்டியும் பார்லி அப்பமும் கிடைக்கும். திருநாளன்று அத்திக் கிளையாலும் நரிவெங்காயத் தண்டாலும் அடித்து எல்லைக்கு அப்பால் விரட்டிவிடுவோம். நல்ல வருஷங்களில் அதோடு சரி. கெட்ட வருஷங்களில் கல். இது கெட்ட வருஷம். அறுபது பேர் போயிருந்தார்கள். ஊட்டி வளர்த்த கழிப்பாளும் அதே காய்ச்சலில் போய்விட்டான்.

அப்படி நேர்ந்தால் திருவுளச் சீட்டு என்பது பழைய விதி. பிள்ளையில்லாத ஆண்களின் பெயர்களை ஓட்டுச் சில்லுகளில் கீறி, வெண்கலத் தலைக்கவசத்தில் போட்டுக் குலுக்க வேண்டும். முதலில் எகிறி விழுகிற சில்லைச் சபைத் தலைவர் எடுத்துப் படிப்பார். மற்றவற்றை யாரும் படிக்கக் கூடாது. கடவுள் தேர்ந்தெடுக்காததை மனிதன் பார்ப்பது அவமரியாதை. அப்படியே கோவில் குழியில் புதைத்துவிட வேண்டும். பெயர் கீறுவதும் குலுக்குவதும் குடம் பிடிப்பவன் வேலை.

ஊரில் பிள்ளையில்லாத ஆண்கள் நாற்பத்திரண்டு பேர். நானும் அதில் ஒருவன், மூன்று வாரமாக. என் பெயரைத் தவிர்க்கத்தான் இதைச் செய்தேன் என்று அரசுத் தரப்பில் சொல்கிறார்கள். அது எனக்கு அவமானமாக இருக்கிறது. சாகப் பயப்படுகிற நிலையில் நான் இல்லை.

கோவில் பின்கட்டில், பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து கீறினேன். முதல் சில்லில் மெலாந்தோஸ் என்று எழுதினேன். இரண்டாவதிலும் அதையே எழுதினேன். அதற்குப் பிறகு யோசிக்கவில்லை. கை பழகிவிட்டது. கடைசிச் சில்லில் எழுத்து மிக அழகாக இருந்தது.

மோசடி என்கிறீர்கள். கொஞ்சம் பொறுமையாக யோசியுங்கள். யார் பெயர் விழும் என்பது முன்பே முடிவாகிவிட்டது என்றுதானே நாம் எல்லோரும் நம்புகிறோம். நம்பாவிட்டால் எதற்குக் குலுக்குகிறோம்? அப்படியானால் நாற்பத்திரண்டு சில்லிலும் ஏற்கெனவே இருப்பது ஒரே பெயர்தான். நான் அதைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுதினேன். அவ்வளவே.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். கழிப்பாளுக்கும் சம்மதம் கேட்க வேண்டும் என்பது நம் ஊர்ச் சட்டம். மூன்று முறை தலையில் தண்ணீர் ஊற்றி மூன்று முறை கேட்க வேண்டும். மூன்றுக்கும் தலை அசையாவிட்டால் அவனை விட்டுவிட்டு ஆட்டுக்கடாவைத் துரத்த வேண்டும். யாரும் அசைக்காமல் இருந்ததாக நினைவில்லை. ஆனால் சட்டம் இருந்தது. அவன்தான் சந்தையில் எல்லோர் எதிரிலும் சொன்னானே, தன் தலையை ஆட்டாமல் இருக்க முடியும் என்று. எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவன் தலை அசைந்தால், விதி இருக்கிறது. விதி இருந்தால், என் வீட்டில் நடந்ததும் விதிதான். நிகாந்த்ரே தூங்குவாள். அவன் கேள்வியும் நின்றுவிடும். அசையாவிட்டால் அவன் வீட்டுக்குப் போகலாம். நியாயமான ஏற்பாடு என்றுதான் எனக்குத் தோன்றியது.

திருநாளுக்கு முந்தைய நாள் சபைத் தலைவர் பெயரைப் படித்ததும் கூட்டம் விலகி அவனைச் சுற்றி வட்டமாக இடம் விட்டது. சீமோ மட்டும் அழுதாள். "இந்தப் பேச்சுப் பேசாதீங்க வாத்தியாரே, கடவுள் காதுல விழும்னு எத்தன தடவ சொன்னேன்? கேட்டீங்களா?"

"நாப்பத்திரண்டுல ஏதோ ஒண்ணு விழுந்துதான ஆகணும் சீமோ? அதுல அர்த்தம் ஒண்ணும் இல்ல" என்றான். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் அவளுக்காகச் சிரித்தான். பிறகு என் பக்கம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னான்:

"குடம் பிடிக்கப்போறது நீதான?"

"ஆமா."

"அப்ப சரி. சில்லுன்னு தண்ணி கொண்டா. வெயில்ல வச்சு எனக்குச் சலுகை காட்டாத. நாளைக்கு ஊரே பாக்கட்டும், மனுஷன் தலை எப்படி நிக்குதுன்னு."

ஓடிப்போயிருக்கலாம். அன்று பகல் முழுவதும் வடக்கு வாசலில் காவல் இல்லை. அவன் ஓடவில்லை. குடம் என் கையில் இருந்ததால் ஓடவில்லை.

மறுநாள் காலை கடல் வாசலில் நிறுத்தினார்கள். கழுத்தில் உலர்ந்த அத்திப்பழ மாலை. கையில் அப்பம், பாலாடைக்கட்டி. தீட்டு ஒட்டும் என்பதால் கூட்டம் ஐம்பது அடி தள்ளி நின்றது. குழல் ஊதுகிறவர்கள் அதற்கும் பின்னால். பக்கத்தில் போகலாம் என்பது எனக்கு மட்டும்தான். அவன் தலை அசைகிறதா இல்லையா என்பதைப் பார்க்கக்கூடிய கண் அந்த ஊரில் என்னுடையது ஒன்றுதான்.

கோவில் ஊற்றுத் தண்ணீர். பாறைக்குள் வைத்துக் குளிர வைத்திருந்தேன்.

முதல் குடம். "ஊருக்காகப் போகிறாயா?" தண்ணீர் நெற்றியில் விழுந்து கண்ணில் இறங்கியது. அவன் இமைகூடக் கொட்டவில்லை.

இரண்டாவது குடத்தைக் காதுக்குள் இறங்கும்படி ஊற்றினேன். சட்டத்தில் அதற்குத் தடை இல்லை. கழுத்து நரம்பு புடைத்தது. தாடை இறுகியது. தலை நின்றது.

மூன்றாவது குடத்தைப் பின்கழுத்தில் ஊற்றினேன். எந்த மாடும் அதைத் தாங்கியதில்லை. கடைசிச் சொட்டுவரை மெதுவாக ஊற்றினேன். அவன் தோள் நடுங்கியது. விரல்கள் நடுங்கின. தலை மட்டும் தூணில் வைத்த சிலையின் தலை மாதிரி இருந்தது.

ஆம். அசையவில்லை. இதை முதன்முதலாக இப்போதுதான் சொல்கிறேன். எழுதுகிறவர் எழுதிக்கொள்ளலாம்.

குடம் காலியானதும் அவன் என்னைப் பார்த்தான். உதடு நீலமாக இருந்தது. பாறையிலிருந்து முதல் தடவை குதித்துவிட்டுத் தண்ணீருக்கு மேலே தலை தூக்கியபோது எப்படிச் சிரித்தானோ அப்படிச் சிரித்தான். "பாத்தியாடா?" என்றான்.

கடல் வாசல் வளைவில் ஒரு தகைவிலான் கூடு இருக்கிறது. குருவி கூட்டிலிருந்து கிளம்பிப் படகுத்துறை வரை போய் ஒரு பூச்சியோடு திரும்பி வந்தது. மறுபடியும் போனது. மறுபடியும் வந்தது. அவ்வளவு நேரம் நான் பேசாமல் நின்றேன். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, "இசைந்தான்" என்றேன்.

அவன் பயப்படவில்லை. முதலில் சரியாகக் கேட்காதவன் மாதிரி பார்த்தான். பிறகு, இத்தனை நாள் இடித்துக்கொண்டிருந்த கணக்கு ஒன்று சரியாக வந்துவிட்டவனைப் போல அவன் முகம் தெளிந்தது.

"ஓ" என்றான். "அந்தத் தண்ணிய நீ குடுக்கவே இல்ல."

அதற்குள் குழல் தொடங்கிவிட்டது. மற்றது உங்களுக்குத் தெரியும். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். நான் கல் எடுக்கவில்லை. குடம் பிடிப்பவன் கை சுத்தமாக இருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போனதும் நிகாந்த்ரே கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"தலைய ஆட்டினானா?"

"ஆட்டினான்."

"அவனா? அந்தப் பேச்சுப் பேசினவனா?"

"மூணாவது குடத்துக்கு."

அவள் அப்படியே உட்கார்ந்து சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மறுநாள் வரை எழவில்லை. அதைப் பார்த்தபோது நான் செய்தது சரி என்றே பட்டது.

காய்ச்சல் நிற்கவில்லை. இன்னும் பதினேழு பேர் போனார்கள். அதற்குப் பிறகு சீமோதான் சபைக்கு முன்னால் மண்ணை வாரித் தூற்றிக் கத்தினாளாம், "வாத்தியார் சொன்ன ஊத்த மூடித் தொலைங்கய்யா" என்று. ஊற்றை மூட ஆள் வைத்தீர்கள். பிக்ரெஸ் என்ற காரியா நாட்டுக் கொத்தன் வந்தான். தண்ணீரைத் திருப்பக் கோவில் குழியைத் தோண்டினான்.

சில்லுகளை ஏன் கடலில் எறியவில்லை என்று சென்ற விசாரணையில் ஒருவர் கேட்டார். நான் திகைத்துப்போனேன். அவை கடவுளுக்குக் கொடுத்தவை. கடவுளுக்குக் கொடுத்ததைக் கோவில் எல்லைக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ஒரு காலத்திலும் அப்படிச் செய்திருக்க மாட்டேன். நான் தெய்வ பயம் இல்லாதவன் இல்லை. விதிப்படி குழியில் புதைத்து, மேலே பாலும் தேனும் ஊற்றினேன். வெளியூர்க்காரன் ஒருவன் தோண்டுவான், அவனுக்கு எழுத்து தெரியும், படிக்கக் கூடாது என்பது மட்டும் தெரியாது என்று நான் எப்படி எதிர்பார்க்க முடியும்?

அவன் ஒவ்வொன்றாக மண் தட்டிப் படித்துச் சிரித்தானாம். "என்னய்யா இது? இந்த ஊர்ல எல்லாருக்கும் ஒரே பேருதானா?"

செய்தி வீட்டுக்கு வந்ததும் நிகாந்த்ரே எழுந்தாள். கொல்லைப் பக்கம் போனாள். அங்கே ஓர் அத்திக் கன்று இருக்கிறது. மெலிட்டா பிறந்த வருஷம் நட்டது. அதன் பின்னால் கவிழ்த்து வைத்திருந்த மெலாந்தோஸின் குடங்கள் இரண்டையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். பிறகு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்தத் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்வதற்கு அதிகம் இல்லை. திருநாளுக்கு முந்தைய ஒரு மாதம் குடம் பிடிப்பவன் வீட்டுக்குள் வெளித் தண்ணீர் நுழையக் கூடாது. அது விதி. நுழைந்தால் அந்த வருஷம் நான் குடம் பிடிக்க முடியாது. அதனால் அவன் தெரு திரும்பியதும் இரண்டு குடத்தையும் அத்திக் கன்றுக்கு ஊற்றினேன். மெலிட்டா உள்ளிருந்து தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள். உடனே போய்க் கோவில் ஊற்றில் மொண்டு வந்து கொடுத்தேன். ஒரு தடவைகூடத் தாமதிக்கவில்லை. கேட்ட போதெல்லாம் கொடுத்தேன். மூன்று நாளும்.

கடைசியாகத் தலைவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்தக் கடல் வாசலில், "இசையவில்லை" என்று உன்னால் சொல்லியிருக்க முடியுமா என்று கேட்டீர்கள். மூன்று மாதமாக நானும் அதைத்தான் யோசித்தேன். ஏதோ ஒன்று என்னைத் தள்ளியிருக்க வேண்டும் என்று தேடினேன். கடவுள், கோபம், பயம், யாராவது. குருவி இரண்டு தடவை போய் வருகிற அளவு நேரம் இருந்தது. அதில் யாரும் இல்லை. நான் மட்டும்தான் நின்றேன். இரண்டு சொல்லும் வாயில் இருந்தன. ஒன்றைச் சொன்னேன்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். மெலாந்தோஸைக் கொன்றது நான். சீட்டு இல்லை, ஊர் இல்லை, எறிந்த கல் இல்லை. நான்.

எழுதுகிறவரே, பெயரை எழுதிவிட்டீர்களா? சரி, அதோடு நிறுத்துங்கள். கீழே இன்னொரு வரிக்கு இடம் விட்டிருக்கிறீர்களே, அது எதற்கு? என் மகள் பெயரை அங்கே எழுத வேண்டாம். அது வேறு. அது விதி.